மூன்று கண்ணாடித் துண்டுகள்

கண்ணாடி உடைந்தால் குற்றம் மண்ணுடையது. உடையாவிட்டால் குற்றம் கலவையுடையது. கொத்தனார் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்.

சலவைக்கடையின் பின்னறையில் கொத்தனாரும் கடைக்காரரும் அவர்கள் மனைவிமாருமாக நான்கு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான்கு மாதத்துக்கு முன்னால் கொத்தனாரே கட்டிக் கொடுத்த அறை அது. ஜன்னலின் கீழ் மூலையில் கிளம்பிய ஒரு விரிசல், வயதானவர் படி இறங்குவதைப் போல, ஒரு கல் தள்ளி ஒரு கல் இறங்கி, மறுபடி ஒரு கல் தள்ளி, தரை வரைக்கும் வந்து நின்றிருந்தது. மேலே பூச்சு இருந்தும் மறைக்க முடியவில்லை. செங்கல் ஒன்றுகூட உடையவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த கலவை மட்டும்தான் பிளந்திருந்தது.

கொத்தனார் விரலளவு நீளத்தில் அறுத்த மூன்று மெல்லிய கண்ணாடித் துண்டுகளை எடுத்தார். விரிசலுக்குக் குறுக்கே மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று வைத்து, இரண்டு முனைகளிலும் சிமெண்ட் பசையை அப்பினார். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார்.

"என்ன மாப்பிள்ளை, சுவருக்குப் பிளாஸ்திரியா?" என்றார் கடைக்காரர்.

கடைக்காரர் கொத்தனாருடைய மனைவியின் அண்ணன். ஊர்ச் சட்டைக்கெல்லாம் கஞ்சி போட்டுப் போட்டு, பேச்சிலும் அந்த விறைப்பு ஏறிப்போன மனிதர்.

"பிளாஸ்திரி இல்ல மச்சான், சாட்சி. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் இந்தக் கண்ணாடி தாங்காது. ஒரு வாரம் பாப்போம். உடைஞ்சா அடிமண்ணு இறங்குதுன்னு அர்த்தம். உங்க சலவைத் தண்ணி அஸ்திவாரத்துப் பக்கம் போகுதோ என்னவோ. உடையலைன்னா சுவர் நின்ன இடத்துலயே நிக்குது, கலவைதான் உள்ளுக்குள்ள செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"வேற எதுவும் இருக்கக்கூடாதா?"

"இருக்கலாம். நீளமான சுவரா இருந்தா வெயிலுக்கு நீண்டு குளிருக்குச் சுருங்க நடுவுல ஒரு இடைவெளி விடணும். விடலைன்னா அதுவே இடத்தைத் தேடிப் பிளந்துக்கும். இது பன்னிரண்டடிச் சுவர், அந்தத் தொல்லை இல்ல. கல்லை ஊறவைக்காம வெச்சா கலவையில இருக்கிற தண்ணியக் கல்லு குடிச்சிடும். நான் ராத்திரியே தொட்டியில போட்டு ஊறவெச்ச கல்லு இது. மணலும் நானே கையில தேய்ச்சுப் பாத்து வாங்கினது."

"அப்ப கலவையக் கொத்திப் பாக்க வேண்டியதுதானே? எதுக்கு ஒரு வாரம்?"

கொத்தனார் திரும்பினார். அவருக்குத் தொழில் வட்டாரத்தில் தூக்குக்குண்டு என்று பெயர். கயிற்றில் தொங்கும் குண்டு எப்படி ஒரே நேர்கோட்டில் நிற்குமோ, அப்படி நிற்பவர், அப்படிப் பார்ப்பவர்.

"கலவையப் பத்திப் பேச்சே வேண்டாம் மச்சான். அது இவ கை. இருபது வருஷமா இவ போட்ட கலவையிலதான் நான் சுவர் எழுப்புறேன். என் கரண்டியச் சந்தேகப்படுங்க, கேட்டுக்கறேன்."

'இவ' என்று அவர் கைகாட்டிய பெண் சிமெண்ட் பசைக் கிண்ணத்தை ஏந்தியபடி நின்றாள். அண்ணன் வைத்த செல்லப்பெயர் நாற்பத்திரண்டு வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்ததால், எல்லோருக்கும் அவள் பாப்பாதான். கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அது துடைத்துப் போகிற கறை இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

விரிசலை முதன்முதலில் பார்த்த நொடியிலேயே அவள் செங்கல் வரிகளை எண்ணியிருந்தாள். அது ஜன்னலுக்குக் கீழே இருந்த ஏழு வரிகளுக்குள் மட்டுமே நடந்திருந்தது. அந்த ஏழு வரியும் எந்த மத்தியானம் எழும்பியவை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கொத்தனாருடைய வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஒன்றரை மணி நேரத்துக்குள் கட்டி முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் கலவை போட வேண்டும். அதற்கு மேல் மீதி இருந்தால், தங்கமாகவே இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். தண்ணீர் பட்ட சிமெண்ட் தனக்குள்ளே வேலையைத் தொடங்கிவிடும். இறுகத் தொடங்கியதை மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறினால் அது இளகுகிற மாதிரி இளகும், காய்ந்ததும் கல்லை விட்டுவிடும். "கொட்டுறதுக்குக் கணக்குப் பாக்கிறவ கலவை போடக்கூடாது" என்று கல்யாணமான புதிதிலேயே அவர் சொல்லியிருந்தார். அவளும் இருபது வருஷமாகக் கொட்டித்தான் வந்தாள்.

அன்றைக்குக் காலையில்கூட அரைச் சட்டி மீந்ததைக் கொட்டினாள். கொட்டும்போது அண்ணன் வாசலில் இரண்டு வாடிக்கையாளர்களோடு நின்றிருந்தார்.

"ஏன் பாப்பா, என் மூட்டையத் தெருவுல கொட்டுறியே, உன் புருஷன் வீடா இருந்தா கொட்டுவியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்து வைத்தாள். ஆனால் அந்தப் பேச்சு செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரிய கலவை போட்டு முடித்தாள். கொத்தனார் முதல் கல்லை எடுப்பதற்குள் அண்ணி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். சாப்பாடு முடிந்ததும், மேலே வைக்கிற தண்ணீர்த் தொட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அண்ணன் கொத்தனாரைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார். போனவர்கள் வரவில்லை. வெயிலில் கலவைக் குவியல் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டேகால் மணி நேரம் கழித்து அவர்கள் தெருமுனையில் வருவது தெரிந்தபோது, பாப்பா மண்வெட்டியை வைத்து அழுத்திப் பார்த்தாள். கட்டி கட்டியாகப் பெயர்ந்தது.

கொட்ட வேண்டிய கலவைதான். ஒன்றரை மூட்டை சிமெண்ட். அண்ணன் வேறு வந்துகொண்டிருக்கிறார்.

ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். கட்டிகளை நசுக்கிப் புரட்டினாள். ஐந்தே நிமிஷத்தில் கலவை வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது.

"புதுசா போட்டியா?" என்று கொத்தனார் கரண்டியை எடுத்தபடி கேட்டார்.

"புதுசுதான்."

அவர் அதற்கு மேல் பார்க்கவில்லை. அவள் சொன்னால் அவருக்குப் போதும். அந்திக்குள் ஏழு வரி எழும்பியது.

இப்போது அந்த ஏழு வரியின் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகள் உட்கார்ந்துகொண்டு அவளையே பார்த்தன.

*

அந்த வாரம் பாப்பாவுக்கு அண்ணன் கடையில் தினம் ஒரு வேலை முளைத்தது. ஒரு நாள் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனாள். ஒரு நாள் பொத்தான் வாங்கப் போனாள். ஒரு நாள் காரணம் எதுவும் கிடைக்காமல் சும்மாவே போனாள்.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே கிண்டல் செய்தாள். "என்ன நாத்தனாரே, அண்ணன் மேல திடீர்னு பாசம் பொங்குது?"

"கண்ணாடியப் பாக்க வந்தேன் அண்ணி."

"நானும் தினம் கண்ணாடிதான் பாக்கறேன். ஒரு மாற்றமும் இல்ல, வயசு மட்டும் ஏறுது."

பாப்பா சிரித்தாள். சிரிக்கும்போதே கண் சுவருக்குப் போயிற்று. மூன்று துண்டும் முழுசாக இருந்தன. அண்ணியின் முழங்கை சுவரிலிருந்து ஒரு முழத்தில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அறைக்கு மேலே ஆயிரம் லிட்டர் தொட்டி. காலையில் எட்டு மணிக்கு வந்தால் விளக்கு வைக்கும் வரை அண்ணிக்கு இந்த மேஜைதான் உலகம்.

"அண்ணி, மேஜையக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கலாமே."

"ஒயர் எட்டாது. ஏன்?"

"காத்து வருமேன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். ஐந்தாம் நாளும் கண்ணாடி உடையவில்லை. இன்னும் இரண்டு நாள் போனால் கொத்தனார் வந்து பார்ப்பார். மண் இல்லை, கலவை என்பார். அடுத்த நொடி திரும்பி அவளைப் பார்ப்பார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். திட்டத் தெரியாத மனிதரிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்வதுதான் கொடுமை. போதாததற்கு அண்ணன் வேறு. 'இதுதானா அந்த இருபது வருஷக் கை' என்று நாலு பேர் எதிரில் கேட்பார். கேட்பது கொத்தனாரைத்தான் குத்தும்.

ஆறாம் நாள் பிற்பகல் அண்ணி மடித்த துணிகளைப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். அண்ணன் முன்கடையில் யாரிடமோ கறை போகாததற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாப்பா சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. கட்டைவிரலை நடுத்துண்டின் மேல் வைத்து அழுத்தினாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அழுத்தினாள். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். விரிசலின் மேலேயே நூல் பிடித்தது போல உடைந்தது. மேல்துண்டையும் அப்படியே செய்தாள். கீழ்த்துண்டை விட்டுவிட்டாள். மூன்றும் உடைந்தால் நம்பமாட்டார்கள் என்று அந்த நேரத்திலும் ஒரு புத்தி வேலை செய்தது. அந்தப் புத்தியை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் கூசினாள்.

மண்மேல் பழி போட்டாயிற்று. மண்ணுக்கு மானம் இல்லை, மச்சான் இல்லை, பெண்டாட்டி இல்லை. யாருக்கு நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கட்டைவிரலில் துளிர்த்த ரத்தத்தை வாயில் வைத்துக்கொண்டாள்.

*

மறுநாள் கொத்தனார் வந்து சுவரடியில் குந்தினார். நடுத்துண்டைப் பார்த்தார், மேல்துண்டைப் பார்த்தார், வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

"மண்ணுதான்" என்றார்.

பாப்பா மூச்சை விட்டாள். விட்ட மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் அண்ணன் பேசினார்.

"மண்ணுன்னா? அஸ்திவாரம் பத்தலைன்னு அர்த்தமா?"

"ஆமா."

"நாலடி தோண்டுவோம்னு அன்னைக்கே சொன்னேன். மூணடி போதும்னது யாரு மாப்பிள்ளை?"

கொத்தனார் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "நான்தான்."

"தூக்குக்குண்டு சொன்னா சரியா இருக்கும்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். இப்ப என் பெண்டாட்டி நிக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே சுவர் இறங்குது."

"விடுங்க" என்றாள் அண்ணி. "வேணும்னா செஞ்சார்?"

"வேணும்னு செஞ்சார்னு நான் சொல்லலையே. தெரியாம செஞ்சார்னு சொல்றேன்."

அஸ்திவார ஆழத்தை முடிவு செய்தது யார் என்பதைப் பாப்பா மறந்தே போயிருந்தாள். மண்மேல் போட்ட பழி நேராகப் புருஷன் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில வர்றேன்" என்றார் கொத்தனார். "சுவருக்கு அடியில ரெண்டு ரெண்டு அடியாத் தோண்டி, அஞ்சடி ஆழத்துக்கு கான்கிரீட் போட்டுத் தாங்கிடறேன். என் தப்பு. நானே இறங்கிச் செய்யறேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர் கையை நனைத்ததோடு சரி.

"மூணடியில கெட்டி மண்ணு வந்துச்சு. கடப்பாரை போட்டப்ப ணங்குன்னு சத்தம் கேட்டுச்சு. இப்பவும் காதுல கேக்குது" என்றார். "கண்ணு மங்குறது தெரியும். காதும் பொய் சொல்லுமான்னுதான் தெரியல."

"மழையில மண்ணு மாறியிருக்கும்."

"நாலு மாசத்துலயா?" அவர் எழுந்தார். "இந்த வேலையோட கரண்டிய வெச்சிடலாம்னு பாக்கறேன். ஆழம் தெரியாதவன் அடுத்தவன் தலைக்கு மேல கூரை போடக்கூடாது."

அவள் வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் கை கழுவப் போய்விட்டார். திரும்பி வந்தபோது வாயைத் திறப்பதற்கு இருந்த தைரியம் போய்விட்டிருந்தது.

*

காலையில் கொத்தனார் வேலையை முறையாகத்தான் ஆரம்பித்தார். தொட்டியைக் காலி செய்யச் சொன்னார். இஸ்திரி மேஜையை ஒயரோடு முன்கடைக்கு மாற்றச் சொன்னார். தளத்துக்கு இரண்டு இரும்பு முட்டுக் கொடுத்தார். பிறகு வெளிப்புறம் சுவரை ஒட்டிக் குழி பறித்தார். முழங்காலளவு, இடுப்பளவு. பாப்பா மேலே நின்று மண் சட்டியை வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றடியில் கடப்பாரை ணங்கென்றது. கொத்தனார் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"மச்சான், மண்ணு கெட்டியாத்தானே இருக்கு."

"இந்த இடத்துல கெட்டி. உள்ள எப்படியோ" என்றார் அண்ணன்.

கொத்தனார் குனிந்து, அஸ்திவாரத்துக்கு அடியில் இருந்த மண்ணைக் குடைந்து எடுக்க ஆரம்பித்தார். இரண்டடி அகலத்தில் ஒரு பொந்து. முகமும் கைகளும் சுவருக்கு அடியில் போய்விட்டன.

"மாப்பிள்ளை, மேல இருக்கிறது இறங்கிடாதே?" அண்ணன் குரலில் முதல் தடவையாகக் கஞ்சி இறங்கியிருந்தது.

குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது. "இறங்காது. கலவை நல்லா இருந்தா ரெண்டடிப் பொந்துக்கு மேல சுவர் தன்னைத்தானே தாங்கிக்கும். கல்லு கல்லைப் பிடிச்சு நிக்கும். பத்து வீட்டுக்குச் செஞ்சிருக்கேன்."

கலவை நல்லா இருந்தா.

பாப்பாவின் கையில் காலிச் சட்டி இருந்தது. அவள் குழிக்குள் பார்த்தாள். அவருடைய பிடரி தெரிந்தது. வியர்வையில் மண் ஒட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரைக்கு மேலே தெரிந்த முதல் வரியிலிருந்து, பூச்சு விட்ட இடத்தில், சர்க்கரை சிந்துவது போல மெல்லிய சாம்பல் மணல் இழையாக உதிர்ந்து அந்தப் பிடரியில் விழுந்தது. அவர் ஈயை விரட்டுவது போலக் கையால் தட்டிவிட்டுக் குடைவதைத் தொடர்ந்தார்.

"வெளிய வாங்க" என்றாள்.

"இன்னும் ரெண்டு சட்டிதான்."

"என்னங்க, வெளிய வாங்க. கண்ணாடிய நான்தான் உடைச்சேன்."

கடப்பாரை நின்றது.

"அது தானா உடையல. நான் விரலால அழுத்தினேன். மண்ணு நல்லாத்தான் இருக்கு. கலவைதான் கெட்டுப்போச்சு. அன்னைக்கு மத்தியானம் இறுகினதுல தண்ணி ஊத்திக் குடுத்தேன். அந்த ஏழு வரியும் ஒண்ணையும் பிடிச்சிக்கல. உங்க தலைக்கு மேலதான் இருக்கு. வாங்களேன்."

அழவில்லை அவள். அழுதால் சொல்ல வந்தது புரியாமல் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

கொத்தனார் சடாரென்று எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தலை சுவரில் இடிக்கும் என்று அவருக்குத் தெரியும். கையை ஊன்றி, பாம்பு பொந்திலிருந்து பின்வாங்குவது போல அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தார். அண்ணன் குழி ஓரத்தில் மண்டியிட்டு அவர் கக்கத்தைப் பிடித்து மேலே இழுத்தார். இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்தார்கள்.

சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தரைக்கு மேலே இருந்த முதல் வரியிலிருந்து ஒரு செங்கல் மெதுவாகக் கழன்று குழிக்குள் விழுந்தது. அதன் பின்னால் இரண்டு. அப்புறம் ஒரு ஆள் தலை மூடிப்போகிற அளவுக்கு ஒரு குவியல். கூரை இரும்பு முட்டில் உட்கார்ந்து முனகியது, இறங்கவில்லை.

முன்கடையிலிருந்து ஓடிவந்த அண்ணி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

கொத்தனார் எழுந்து போய் ஒரு செங்கல்லைப் பொறுக்கினார். அதில் ஒட்டியிருந்த கலவையை நகத்தால் சுரண்டினார். பொடியாக உதிர்ந்தது. உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். கல் சூளையிலிருந்து வந்த நாள் போலச் சுத்தமாகிவிட்டது. நல்ல கலவையை எடுக்க உளியும் சுத்தியலும் வேண்டும்.

"எவ்வளவு நேரம் கழிச்சுத் தண்ணி ஊத்தின?"

"ரெண்டேகால் மணி நேரம்."

"நான் கேட்டேனே."

"கேட்டீங்க. புதுசுன்னு சொன்னேன்."

"ஏன்?"

பாப்பா அண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே அவரைச் சுட்டது போலிருக்கிறது.

"நான்தான் மாப்பிள்ளை" என்றார் அண்ணன். "கொட்டுறியேன்னு கேட்டேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன்."

"நீங்க கேட்டது தப்பில்ல மச்சான். உங்க மூட்டை. கொட்டாம இருந்தது இவ."

அண்ணி மெதுவாகப் பேசினாள். "நானும் ஒண்ணு சொல்லிடறேன். ஏழு நாள் காலையிலயும் சாயங்காலமும் சுவரை நனைக்கணும்னு சொல்லிட்டுப் போனீங்க. ரெண்டு நாள்தான் நனைச்சேன். மூணாம் நாள்லேர்ந்து கடையில துணி குவிஞ்சிடுச்சு. இவர் கேட்டப்பல்லாம் நனைச்சாச்சுன்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி" என்றார் அண்ணன், கோபமே இல்லாமல்.

"நனைச்சிருந்தாலும் இது நின்னிருக்காது" என்றார் கொத்தனார். "நனைக்காததால நாலு மாசத்துலயே காட்டிக் குடுத்துடுச்சு. இல்லைன்னா நாலு வருஷம் கழிச்சு, தொட்டி நிறைஞ்சிருக்கிறப்ப, நீங்க பக்கத்துல நின்னு இஸ்திரி போட்டுட்டிருக்கிறப்ப விழுந்திருக்கும். நல்லதுன்னே வெச்சுக்குவோம்."

நல்லது என்று சொன்னவர் முகத்தில் நல்லது எதுவும் தெரியவில்லை. கல்லைக் கீழே வைத்தார். பாப்பாவைத் தாண்டிப் போய் ஏணியை எடுத்தார்.

சாயங்காலத்துக்குள் சுவரைப் பிரித்துப் போட்டார்கள். ஜன்னலுக்கு மேலே இருந்த வரிகளுக்கு உளி வைத்து அடிக்க வேண்டியிருந்தது. கல்லே உடைந்ததே தவிர கலவை விடவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அண்ணன் "பாருங்க, இதுவும் பாப்பா கலவைதானே, எப்படிப் பிடிச்சிருக்கு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஜன்னலுக்குக் கீழே வந்ததும் உளிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பெட்டியில் அடுக்கிய சோப்புக்கட்டிகளை எடுப்பது போலக் கல்லைக் கையால் எடுத்து எடுத்து வைத்தார்கள்.

பாப்பா கல் அடுக்கினாள். கொத்தனார் நாள் முழுக்க அவளிடம் "சட்டி", "கயிறு", "தண்ணி" என்ற மூன்று வார்த்தைகளுக்கு மேல் பேசவில்லை.

கை கால் கழுவிய பிறகு அவர் துண்டால் முகத்தை மூடித் துடைத்தபடியே, துண்டுக்குள்ளிருந்து கேட்டார்.

"இதுக்கு முன்னாடி?"

"என்ன?"

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவை?"

"இது ஒண்ணுதாங்க."

அவர் துண்டை இறக்கி அவளைப் பார்த்தார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண், அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சுவரின் சமம் பார்க்கிற ரசமட்டத்தில் குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது போலப் பார்த்தது. பிறகு கருவிப் பையைத் திறந்து, மீதி இருந்த கண்ணாடித் துண்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றினார்.

"எங்க?"

"பள்ளிக்கூடத்து மதில். போன வருஷம் கட்டினது. வெளிச்சம் இருக்கும்போதே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"நானும் வர்றேன்."

அவர் பைக்கைக் கிளப்பிவிட்டு, பொட்டலத்தைப் பின்பக்கம் நீட்டினார். அவள் ஏறி உட்கார்ந்து அதை மடியில் வாங்கிக்கொண்டாள்.

தெரு முழுக்கக் குழி. ஒவ்வொரு குழியிலும் மடியில் கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கின. உடைந்துவிடக்கூடாதே என்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். எதிரே கட்டடங்கள் வந்தன, போயின. மருந்துக்கடையின் மாடிச் சுவர் அவர்கள் கட்டியது. அதைக் கட்டியபோது மத்தியானச் சாப்பாடு எத்தனை மணிக்கு? நினைவிருக்கிறது. கொட்டினாள், அது சரி. தையல்காரர் வீட்டுப் படிக்கட்டு. அதுவும் சரி. ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு மத்தியானத்தையும் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்து மதிலுக்கு வந்தபோது நினைவு ஒரு இடத்தில் தடுக்கியது.

கடைசி நாள். மூட்டை தீர்ந்திருந்தது. மழை வரும் போல இருந்தது. தலைமையாசிரியர் வந்து நின்று இன்றைக்கே முடிந்துவிடுமா என்று கேட்டார். சட்டியில் இருந்தது முக்கால் சட்டிதான். ஒரே ஒரு சொம்புத் தண்ணீர். அது ஒரு தப்பாகவே அன்றைக்குத் தோன்றவில்லை. காலையில் 'இது ஒண்ணுதானா' என்று யாராவது கேட்டிருந்தால் சத்தியமே செய்திருப்பாள்.

முன்னால் இருந்த முதுகு அசையாமல் இருந்தது. காலர் ஓரத்தில் அந்தச் சாம்பல் மணல் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றியும் போகவில்லை.

பள்ளிக்கூடத்து மணிக்கூண்டு தெரிந்தது. அவர் கண்ணாடி ஒட்டுவார். ஒரு வாரம் காத்திருப்பார். கண்ணாடியே சொல்லட்டும் என்று விட்டுவிடலாம். சொல்லாமலும் போகலாம்.

"என்னங்க."

மடியில் இருந்த பொட்டலத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுக்கு வலது பக்கம். கடைசி மூணு வரி. அங்க மொதல்ல பாருங்க."

பைக்கின் வேகம் குறைந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் வரைக்கும் வண்டி நடை வேகத்திலேயே போயிற்று. பிள்ளைகள் விட்டுப்போன சாக்பீஸ் கோடுகள் தெரிகிற தூரத்துக்கு மதில் வந்ததும், கேட்டுக்கு வலது பக்கமாக அவர் வண்டியைத் திருப்பினார்.